ஸ்டோமாவைச் சுற்றிப் புடைத்த சிரைகளில் இரத்தக்கசிவு: தையல் போட்ட பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

குடியாத்தம் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 61. மலக்குடல் புற்றுநோய்க்காக ஆசனவாயையும் சேர்த்து அகற்றி, வயிற்றின் இடப்பக்கத்தில் நிரந்தரக் கோலோஸ்டமி வைத்திருக்கிறார்கள், அதாவது பெருங்குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்துவிட்டிருக்கிறார்கள்; அந்தத் திறப்பைத்தான் ஸ்டோமா என்கிறார்கள். அதன்பின் ஆக்சாலிபிளாட்டின் சேர்ந்த கீமோதெரபியும் முழுமையாக முடிந்தது. புற்றுநோய் திரும்பவில்லை என்றுதான் ஒவ்வொரு ஸ்கேனிலும் சொல்லி வருகிறார்கள்.

சில மாதங்களாக அவருடைய ஸ்டோமா பையில் திடீரென்று இரத்தம் நிறைகிறது. வலி சிறிதும் இல்லை. முதல் முறை பை உரசியதால் வந்த புண் என்று மருந்து தடவி அனுப்பினார்கள். அடுத்த முறை ஒரு மருத்துவமனையில் தையல் போட்டதும் நின்றது. சில வாரங்களில் அதே வட்டத்தின் வேறொரு புள்ளியிலிருந்து மீண்டும் பீறிட்டது. ஸ்டோமா வழியாகக் கொலோனோஸ்கோப்பி செய்து பார்த்ததில் குடலுக்குள் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஸ்டோமாவும் தோலும் சேரும் விளிம்பைச் சுற்றி நாவற்பழ நிறத்தில் ஒரு வளையம் படர்ந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 7.4, பிளேட்லெட் 62,000, மண்ணீரல் பெரிதாக இருக்கிறது என்கிறார்கள்.

ஒரு மருத்துவர் ஸ்டோமாவை இடம் மாற்றி வைக்கலாம் என்கிறார். மற்றொருவர் கல்லீரலில் அழுத்தம் அதிகமாகிவிட்டது, கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து அழுத்தத்தை இறக்கும் 'டிப்ஸ்' செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். அப்பா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. மஞ்சள் காமாலை வந்ததில்லை. ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவருக்குக் கல்லீரலில் எப்படி அழுத்தம் வரும் என்பதும், இரண்டு யோசனைகளில் எதன் பக்கம் போவது என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காட்பாடி செவிலியர் (பணி ஓய்வு)

மகளே, எந்தச் சிகிச்சை என்ற கேள்விக்கு மருத்துவர்கள் பதில் சொல்லட்டும். அடுத்த முறை இரத்தம் வந்தால் வீட்டில் என்ன செய்வது என்பதை நான் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது.

அப்பாவை மல்லாந்து படுக்க வையுங்கள். பையைக் கழற்றிவிடுங்கள், பையை ஒட்டியபடியே வைத்து மேலே துணியைக் கட்டினால் இரத்தம் உள்ளே தேங்குமே தவிர, அழுத்தம் சரியான இடத்தில் விழாது. கையுறை போட்டுக்கொண்டு, ஈரமான சுத்தமான காஸ் துணியால் இரத்தத்தை ஒற்றி எடுத்தால் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளியின் மேல் காஸை மடித்து வைத்து, விரலால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையிடையே தூக்கிப் பார்க்கக் கூடாது. எல்லோரும் செய்வது அதைத்தான், அதனால்தான் நிற்க வேண்டியது நிற்பதில்லை. இதற்கும் அடங்காவிட்டாலோ, பீறிட்டு அடித்தாலோ, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, குழறிய பேச்சு ஏதேனும் தெரிந்தாலோ, அழுத்திய விரலை எடுக்காமல் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வண்டியில் போகும்போதும் யாராவது ஒருவர் அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே உணவுக்குழாயில் புடைத்த சிரை வெடித்தால் நம் கை எட்டாது. இங்கே எட்டுகிறது என்பது இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சலுகை. நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது தெரியும்படியான பையை வாங்குங்கள். தோல் நிறப் பையில் இரத்தம் வந்திருப்பதே தாமதமாகத்தான் தெரியும். பையைத் தோலில் ஒட்டும் பிளேட்டில் வெட்டும் துளை ஸ்டோமாவை நெரிக்காமல் சற்றே தளர்வாக இருக்கட்டும். தோலை அழுத்தும்படி குவிந்த பிளேட்டும் இறுக்கமான பெல்ட்டும் இவருக்கு வேண்டாம். பிளேட்டை இழுத்து உரிக்காதீர்கள். பசை நீக்கும் திரவம் தடவி, தோலை ஒரு கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மெல்ல விடுவியுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வியர்த்து பிளேட் தளர்ந்து, இரண்டு மூன்று நாள் நிற்க வேண்டியதை நாள்தோறும் மாற்றுகிறார்கள். அப்படி ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் அந்த மெல்லிய சிரைகள் அடிபடுகின்றன. சுற்றியுள்ள முடியைச் சவரக் கத்தியால் எடுக்காமல் சிறிய கத்தரியால் குறைத்தால் போதும்.

அப்பா வேட்டி கட்டுபவர் என்றால் முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அது ஸ்டோமாவின் விளிம்பில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்து அதன் விளிம்பு வயிற்றில் பட நாள் முழுவதும் குனிந்திருந்து, அதனால் இரத்தம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். பாவாடை நாடாவும் அப்படித்தான்.

வாலாஜா வாசகர்

என் மனைவிக்குப் பெருங்குடல் புண் நோயால் பெருங்குடல் முழுவதையும் எடுத்து, சிறுகுடலின் முனையை வயிற்றில் திறந்துவிடும் இலியோஸ்டமி வைத்தார்கள். அவருக்குப் பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோயும் சேர்ந்திருந்தது; அதன் முடிவில் கல்லீரல் தழும்பேறிக் கடினமாகிச் சிரோசிஸ் ஆனது. நீங்கள் சொல்லும் அதே ஊதா வளையம், அதே வலியற்ற இரத்தம். உணவுக்குழாயில் எண்டோஸ்கோப்பி செய்தபோது அங்கே பெரிதாகப் புடைப்பு எதுவும் இல்லை என்று சொல்லி, கல்லீரல் காரணமாக இருக்காது என்று ஒரு மருத்துவமனையில் முடிவு கட்டினார்கள். ஸ்டோமா வழியாகவே அழுத்தம் வடிந்துகொண்டிருந்ததால் உணவுக்குழாய் தப்பித்திருந்தது என்று பின்னர் வேறொரு மருத்துவர் விளக்கினார்.

கடைசியில் டிப்ஸ் செய்தோம், அதோடு வயிற்றுச் சுவரிலுள்ள சிரையையும் அடைத்தார்கள். இரத்தம் நின்றது. ஆனால் அதற்கான விலையையும் சொல்லாமல் விடக் கூடாது: சில வாரங்களுக்குப் பின் அவர் பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கத் தொடங்கினார், கணக்கில் தடுமாறினார், ஒரு நாள் பெண்ணின் பெயரையே மாற்றி அழைத்தார். லாக்டுலோஸும் ரிஃபாக்சிமினும் கொடுத்துச் சரிசெய்தார்கள். இப்போதும் அந்த மருந்துகள் தொடர்கின்றன. டிப்ஸ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இது வரக்கூடும் என்று முன்னரே யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டோம்.

குடல் மருத்துவர், வேலூர்

நோயாளியை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. ஆனால் சகோதரி தந்திருக்கும் விவரங்களிலேயே வழி ஓரளவு தெரிகிறது.

முதலில், மது அருந்தாதவருக்கு எப்படி என்ற கேள்வி. ஆக்சாலிபிளாட்டின் கல்லீரலுக்குள் இருக்கும் மிக நுண்ணிய இரத்த வழிகளின் உட்சுவரைச் சேதப்படுத்தக்கூடிய மருந்து. சிலருக்கு அந்தச் சேதம் கீமோதெரபி முடிந்த பின்னும் நீடித்து, கல்லீரலுக்குள் இரத்தம் நுழைவதற்குத் தடை உண்டாக்குகிறது. கல்லீரலின் வேலைத்திறன் குறையாமலே குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறும், மண்ணீரல் பெரிதாகும், பிளேட்லெட் குறையும். உங்கள் தந்தையின் படம் இதோடு பொருந்துகிறது. சிரோசிஸ் இல்லாமலே வரும் போர்ட்டல் அழுத்தம் இந்தியாவில் புதிதன்று, நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) கல்லீரல் துறை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருள் அது. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் இறுக்கம் குறைவாக வந்தால் 'கல்லீரல் நன்றாகத்தான் இருக்கிறது' என்று இத்தகைய நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. போர்ட்டல் சிரையில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதா, கல்லீரலில் புற்றுக் கட்டி ஏதேனும் அழுத்துகிறதா என்ற இரண்டையும் விலக்கிய பின்பே ஆக்சாலிபிளாட்டின்மேல் பழி போட வேண்டும். ஆகவே செலுத்திய சாயம் போர்ட்டல் சிரையை நிறைக்கும் நேரத்தில் படமெடுக்கும் சிடி ஸ்கேனும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் தேவை. அதே சிடியில் எந்தக் குடல் சிரை ஸ்டோமாவுக்கு இரத்தத்தைக் கொண்டுவருகிறது, வயிற்றுச் சுவரின் எந்தச் சிரை வழியாக அது வெளியேறுகிறது என்பதும் தெரியும். சிகிச்சைக்கான வரைபடமே அதுதான்.

தையல் ஏன் நிலைக்கவில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். குடலின் சிரைகள் போர்ட்டல் மண்டலத்தைச் சேர்ந்தவை. வயிற்றுச் சுவரின் சிரைகள் உடலின் பொது மண்டலத்தைச் சேர்ந்தவை. இயல்பில் அவை சந்திப்பதில்லை. ஸ்டோமாவைத் தோலோடு தைக்கும்போது நாம் அவற்றை அருகருகே கொண்டுவந்து விடுகிறோம்; அழுத்தம் ஏறும்போது அங்கே புது வழிகள் திறக்கின்றன. நிரம்பிய ஏரியின் கரையில் கசியும் இடத்தில் மட்டும் மண் கொட்டினால் அடுத்த பலவீனமான இடத்தில் கசியும்; கலிங்கைத் திறந்தால்தான் மட்டம் இறங்கும். தையலும், சில்வர் நைட்ரேட்டால் சுடுவதும், அட்ரினலின் நனைத்த காஸும் மண் கொட்டும் வேலைகள். அவசரத்துக்கு வேண்டியவைதான், ஆனால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது இனி இவருடைய அழுத்தத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். நம்மிடத்தில் நோயாளி புற்றுநோய்த் துறைக்கும் அறுவைத் துறைக்கும் நடுவே சுற்றுகிறார். கல்லீரல் துறையின் வாசலை மூன்றாவது நான்காவது இரத்தப்போக்குக்குப் பிறகே மிதிக்கிறார். இந்த இழையைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஊதா வளையம், வலியற்ற இரத்தம், குறைந்த பிளேட்லெட் மூன்றும் ஒன்றாக இருந்தால் பையின்மேல் பழி போடாதீர்கள்.

இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது மருத்துவமனையில் நடப்பது உணவுக்குழாய் சிரை வெடித்தால் நடப்பதைப் போன்றதே. ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் ஊசியாகவும் பின் மணிக்கு 50 மைக்ரோகிராம் சொட்டாகவும், அல்லது டெர்லிப்ரெசின் கொடுக்கப்படும். இதய இரத்தக் குழாய் நோய் இருப்பவர்களுக்கு டெர்லிப்ரெசின் உகந்ததன்று. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு நோய்த்தொற்றைத் தடுக்க செஃப்ட்ரியாக்சோன் நாளுக்கு 1 கிராம் சேர்ப்பார்கள். இரத்தம் ஏற்றும்போது ஹீமோகுளோபின் 7 முதல் 8 வரை போதுமென்று நிறுத்திக்கொள்வார்கள். உறவினர்கள் 'இன்னும் 2 பாட்டில் ஏற்றுங்கள்' என்று வற்புறுத்துவது வழக்கம், ஆனால் அளவுக்கு மேல் ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் ஏறி இரத்தம் மீண்டும் தொடங்கலாம்.

அடங்கிய பின் பீட்டா தடுப்பான்கள், அதாவது ப்ரோப்ரனலால் அல்லது கார்விடிலால், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்துக் கொடுக்கப்படுகின்றன. அவை மட்டுமே போதுமானவர்கள் சிலர் உண்டு. திரும்பத் திரும்ப இரத்தம் வருபவர்களுக்கு டிப்ஸ். கழுத்துச் சிரை வழியாக உள்ளே போய், கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே உறையிட்ட ஸ்டென்ட் வைத்து வழி உண்டாக்குவது அது. மனிதருக்கு ஸ்டென்டோடு இதை முதலில் செய்தது 1988-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில். அழுத்த வேறுபாட்டை 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறக்குவது குறிக்கோள். ஆனால் ஸ்டோமாச் சிரைகள் அந்த அளவுக்குக் கீழும் இரத்தம் கசியக்கூடியவை என்பதால், அதே அமர்வில் சிரையையும் காயில் என்னும் உலோகச் சுருளாலோ பசையாலோ அடைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வாலாஜா ஐயா சொன்ன குழப்பநிலை உண்மையான ஆபத்துதான். டிப்ஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது ஏதோ ஓர் அளவில் வருகிறது. கல்லீரலின் வேலைத்திறன் குறையாத உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்கு அந்த ஆபத்து ஒப்பளவில் குறைவு. எக்கோவில் இதயத்தின் நிலையைப் பார்க்காமல் டிப்ஸுக்குப் போகக் கூடாது.

ஆம்பூர் நண்பர்

கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தால் கல்லீரல் சரியாகும், ஸ்டோமாவின்மேல் மஞ்சளும் படிகாரமும் வைத்தால் இரத்தம் நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வார்கள். டிரனெக்சாமிக் மாத்திரையும் கடையிலேயே கிடைக்கிறதே, அதைக் கையில் வைத்துக்கொள்ளலாமா?

காட்பாடி செவிலியர் (பணி ஓய்வு)

தம்பி, வேண்டாம். மஞ்சளும் படிகாரமும் அந்த ஈர விளிம்பை அரித்து, பிளேட்டை ஒட்டவிடாமல் செய்யும். டிரனெக்சாமிக் அமிலம் செரிமானப் பாதையின் இரத்தப்போக்கில் பயனளிக்கவில்லை என்றும், சிரைகளில் இரத்தம் உறைவதைக் கூட்டுகிறது என்றும் 2020-இல் வெளியான பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டிவிட்டது. கடையில் வாங்கக் கூடாத இன்னொன்று மூட்டுவலிக்கு விழுங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள்.

ராணிப்பேட்டை அறுவை மருத்துவர்

குடல் மருத்துவர் சொன்னதோடு பெரும்பகுதி உடன்படுகிறேன், ஆனால் தையலை மண் கொட்டுவது என்று ஒரேயடியாகத் தள்ளியதை ஏற்க முடியவில்லை. டிப்ஸ் செய்ய முடியாத நோயாளிகள் நம்மிடம் நிறைய வருகிறார்கள்: இதயம் பலவீனமானவர்கள், பிலிருபின் ஏறியவர்கள், ஏற்கெனவே நினைவு தடுமாறுபவர்கள், கல்லீரல் முழுவதும் புற்றுநோய் பரவி ஆயுள் மாதக் கணக்கில் இருப்பவர்கள். அவர்களுக்கு ஸ்டோமாவின் விளிம்பைச் சுற்றிக் கீறி, தோலுக்கும் குடலுக்கும் இடையே ஓடும் சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டித் துண்டித்து, மீண்டும் தைக்கும் முறை இருக்கிறது. மாதக் கணக்கில் அமைதி கிடைக்கும். மீண்டும் வந்தால் மீண்டும் செய்யலாம். ஆயுளே மாதக் கணக்கில் இருப்பவருக்கு அது குறைவான கொடை ஆகாது.

அல்ட்ராசவுண்டு பார்த்துச் சிரைக்குள் நேரடியாக ஊசி செலுத்திப் பசையோ, சிரையைச் சுருக்கும் மருந்தோ கொடுப்பதும் உண்டு. இதில் மருந்து வழிதவறினால் ஸ்டோமாவின் சதை அழுகலாம், பின்னர் சுருங்கி அடைக்கலாம். பழகிய கைகளில் மட்டும் விட வேண்டிய வேலை.

இடம் மாற்றி வைப்பதைப் பொறுத்தவரை நான் என் துறையினருக்கு எதிராகவே பேசுகிறேன். புடைத்த சிரைகளின் நடுவே வயிற்றைத் திறந்தால் இரத்தம் மிகுதியாகப் போகும். அழுத்தம் குறையாதவரை புதிய ஸ்டோமாவைச் சுற்றியும் அதே வளையம் உருவாகும். தற்காலிக ஸ்டோமாவாக இருந்து, குடலை மீண்டும் இணைத்து மூடிவிட முடியுமானால் கதை வேறு. சகோதரியின் தந்தைக்கு ஆசனவாயே எடுக்கப்பட்டுவிட்டதால் அந்த வழி இல்லை.

குடல் மருத்துவர், வேலூர்

அறுவை மருத்துவர் திருத்தியது சரியே. டிப்ஸுக்குத் தகுதியற்றவர்களுக்கு அவர் சொன்னதே வழி. டிப்ஸ் முடியாதபோது தோல் வழியாக ஊசியால் சிரையைத் துளைத்து, ஊட்டும் சிரைவரை குழாய் செலுத்தி அடைக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கல்லீரலைத் தொடவே தேவையில்லை. ஆனால் அழுத்தம் அப்படியே இருப்பதால் புதிய சிரைகள் புடைக்கும். எந்த முறை மேல் என்று ஒப்பிட்டுச் சொல்லும் பெரிய ஆய்வுகள் இந்த நோய்க்கு இல்லை, சிறு சிறு நோயாளித் தொகுதிகளின் அனுபவமே உண்டு. அதனால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் அறியாதவர் என்று எண்ண வேண்டாம்.

குடியாத்தம் மகள்

அனைவருக்கும் நன்றி. இங்கே படித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். சிடியில் போர்ட்டல் சிரை அடைப்பின்றித் திறந்திருக்கிறது, கல்லீரலில் கட்டி எதுவும் இல்லை, கீழ்க்குடல் சிரையின் ஒரு கிளை தடித்து ஸ்டோமாவரை வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். கார்விடிலால் தொடங்கியிருக்கிறார்கள். எக்கோ எடுத்த பின் கல்லீரல், கதிரியல், புற்றுநோய், அறுவைத் துறையினர் சேர்ந்து பேசி டிப்ஸைப் பற்றி முடிவு சொல்வார்களாம். இடம் மாற்றும் பேச்சு இப்போதைக்கு நின்றுவிட்டது.

செலவு பற்றிக் கேட்க வேண்டும். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் இது அடங்குமா? இன்னொன்று, குடியாத்தத்திலிருந்து வந்து சேர்வதற்குள் இரத்தம் மிகுந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா இரவெல்லாம் தூங்குவதில்லை.

வாலாஜா வாசகர்

அம்மா, அந்த அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆனால் எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அடங்கும் என்பது பட்டியலைப் பொறுத்தது. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, ஸ்டென்டும் காயிலும் தொகுப்பில் சேருமா, வெளியில் வாங்க வேண்டுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். நாங்கள் ஸ்டென்டைக் கேட்டோம், காயிலைக் கேட்க மறந்தோம். சிஎம்சி என்றால் உங்களுக்குக் கொடுக்கப்படும் தேதி வேலூர் நகர வளாகத்திலா, ராணிப்பேட்டை வளாகத்திலா என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.

காட்பாடி செவிலியர் (பணி ஓய்வு)

அம்மாவிடம் சொல்லுங்கள்: இரத்தம் மிகுந்தால் வேலூர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, குடியாத்தம் அரசு மருத்துவமனையிலேயே முதலில் நிறுத்தி, சொட்டு மருந்து ஏற்றிவிட்டு அனுப்பச் சொல்லலாம். அங்கே பணியில் இருப்பவர் இந்த நோயைப் பார்த்திராதவராக இருக்கக்கூடும். அதனால் மருத்துவரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி வையுங்கள்: ஸ்டோமாவைச் சுற்றிய சிரைப் புடைப்பு, போர்ட்டல் அழுத்தம், இரத்தப் பிரிவு, தற்போது எடுக்கும் மருந்துகள், விரலால் அழுத்தி எட்டு வடிவத் தையல் போட்டு அனுப்பவும், டெர்லிப்ரெசினோ ஆக்ட்ரியோடைடோ இருந்தால் தொடங்கவும் என்ற குறிப்பு. அந்தத் தாளோடு கையுறை, காஸ் கட்டு, உப்பு நீர்ப் பாட்டில், ஒரு தெளிந்த பை ஆகியவற்றை ஒரே பெட்டியில் போட்டு, அப்பாவின் கட்டிலுக்கு அருகே வைக்க வேண்டும். அழுத்திப் பிடிப்பது எப்படி என்பதை அடுத்த பை மாற்றத்தின்போது அம்மாவையே செய்ய வையுங்கள், நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர்தானே வீட்டில் இருப்பார்.